சத்தம் போட்டவள் தோற்றாள்

மார்ச் 9ஆம் தேதி அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் நான் எழுதாமல் விட்டது இது: நாய்க்குட்டி வந்த அட்டைப்பெட்டியின் அடியில் அம்மாவின் ஸ்வெட்டர் விரித்திருந்தது. சாம்பல் நிறம். மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் வெள்ளைச் சட்டைப் பொத்தான். பழையது தொலைந்தபோது கைக்குக் கிடைத்ததை அம்மா தைத்துக்கொண்டாள். குட்டி அதன்மேல் ஒன்றுக்குப் போயிருந்தது.

அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த ஸ்வெட்டரை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதை வாளியில் போட்டு, சோப்பை இரண்டு மடங்கு கரைத்து, நன்றாகக் கசக்கி அலசிக் கொடியில் போட்டேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

•

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருக்கிறீர்கள்தானே? ஆறு குட்டி போட்ட அலுப்பு மேடத்துக்குத் தீர்ந்ததா? நாய்க்கு மேடம் என்று பெயர் வைத்த வீடு உன்னுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

போனில் பேசினால் இரண்டு பேரும் மாறி மாறி 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிடுகிறோம், இனிமேல் கடிதமே எழுதுவோம் என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். அத்தானின் பார்சல் வண்டி இன்று காலை பத்து மணிக்கு வந்தது. அத்தானே பெட்டியைக் கையில் கொடுத்து, "தனியா இருக்கிற பொண்ணுக்கு ஒரு துணை வேணும்னு உங்க அக்கா ஏற்பாடு. மாப்பிள்ளை பாக்கறதை விட இது சுலபம்மா, ஜாதகம் கேக்காது" என்று சிரித்தார். டீயை நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

குட்டிக்கு ஊசி என்று பெயர் வைத்திருக்கிறேன். காரணம் அதன் பற்கள். நான் பல்செட் செய்யும் லேபில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். இவ்வளவு கூர்மையான பல்லை எந்த அச்சிலும் பார்த்ததில்லை. விளையாடும்போது கையைத்தான் கடிக்கிறது. பந்து போட்டால் பந்தை விட்டுவிட்டு, போட்ட கையைத் தேடி வருகிறது. வலது கையில் நான்கு இடத்தில் கீறல். சோப்புத் தண்ணீர் பட்டால் எரிகிறது. மற்றபடி சமர்த்து.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
சின்னு

•

மார்ச் 22

சின்னுவுக்கு அக்கா எழுதறது.

இங்க எல்லாரும் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடறியா? ரொட்டியும் டீயும் கணக்குல வராது.

ஸ்கூல் திறக்கறதுக்குள்ள ஆயிரத்து இருநூறு சட்டை போகணும்னு கம்பெனியில கழுத்தைப் பிடிக்கிறாங்க. காலையில இருந்து துணி வெட்டி வெட்டி, கத்தரியைக் கீழே வெச்ச பிறகும் விரல் தானா வெட்டுது. உங்க அத்தான் பாத்துட்டு, "என் சட்டைகிட்ட வராதே"ன்னு தள்ளிப் படுக்கறார்.

குட்டி கடிக்கறதுக்கு நீ பயப்படாதே. இங்க மத்த அஞ்சும் ஒண்ணை ஒண்ணு கடிச்சுத்தான் விளையாடும். ஒண்ணு ரொம்ப அழுத்திக் கடிச்சா மத்தது 'கீ'ன்னு கத்தும். உடனே விளையாட்டு நின்னுடும். கடிச்சது முழிக்கும். அப்படித்தான் எவ்வளவு கடிச்சா வலிக்கும்னு அது கத்துக்குது. உன்னோடது பாதியில தனியா வந்துடுச்சு. இனிமே அதுக்குச் சொல்ல ஆள் நீதான். கடிச்சா 'ஆ'ன்னு கத்து. விளையாட்டை நிறுத்து. அவ்வளவுதான்.

பெட்டியில எல்லாம் சரியா இருந்துச்சா? நீ ஒண்ணும் எழுதலியே. கீழே விரிச்சிருந்தது நனைஞ்சுடுச்சா?

பதில் போடு.

அக்கா

•

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விரல்களுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? நான் சுகம். சாப்பிடுகிறேன்.

நீ சொன்னபடி செய்து பார்த்தேன். திங்கட்கிழமை ஊசி என் கட்டைவிரலை நன்றாகக் கவ்வியது. கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. மூச்சுதான் வந்தது. மறுநாள், கடிப்பதற்கு முன்பே மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்துக்கொண்டு 'ஆ' என்றேன். பல் டாக்டரிடம் வாயைக் காட்டுகிறவள் மாதிரி இருந்தது. ஊசி வாலை ஆட்டிவிட்டு மறுபடியும் கடித்தது.

காரணம் உனக்குத் தெரியும். அப்பா இரவு ஷிப்டு முடித்து வந்து பகல் முழுக்கத் தூங்குவார். இரண்டே அறை. நாம் சத்தமில்லாமல் விளையாட வேண்டும். நீ கண்டுபிடித்த கிள்ளல் விளையாட்டை நினைத்துக்கொண்டேன். மாறி மாறிக் கிள்ளுவோம். சத்தம் போட்டவள் தோற்றாள். ஒரு தடவைகூட நான் தோற்றதாக ஞாபகம் இல்லை.

லேபில் என் விரல்களைப் பார்த்துவிட்டு மாஸ்டர், "ஏம்மா, செஞ்ச பல்செட்டை உன் கையிலேயே டெஸ்ட் பண்றியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவரவர் வேலைக்குத் திரும்பினோம். மெழுகில் பல் அடுக்கும் வேலையில் பேச்சு தேவைப்படாது. ஒரு மனிதரின் வாய் முழுதும் என் கையில் இருக்கும். அவர் முகம் எனக்குத் தெரியாது.

மேடத்துக்கு என் அன்பு.

சின்னு

•

ஏப்ரல் 18

சின்னு,

சௌக்கியம்தானே? எனக்கு லேசா சளி. வேற ஒண்ணுமில்ல.

நீ தோத்ததே இல்லைன்னு எழுதியிருந்தே. எனக்கும் ஞாபகம் இருக்கு. ஒருநாள் அம்மா உன்னைக் குளிக்க வைக்கும்போது கூப்பிட்டுக் காட்டினா. உன் கை ரெண்டும் முழங்கைவரைக்கும் நீலமா இருந்துச்சு. "இதெல்லாம் யாரு பண்ணினது?"ன்னு கேட்டா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வலிக்கலைன்னுதானே நான் நெனச்சேன்? நீ மூஞ்சியைக்கூடச் சுளிக்கலியே. அன்னியோட அந்த விளையாட்டை நிறுத்திட்டேன். ஏன் நிறுத்தினேன்னு உன்கிட்ட சொல்லலை. நீ ரெண்டு நாள் கையை நீட்டிக்கிட்டு என் பின்னாலயே சுத்தினே.

குட்டிக்கு அந்தத் துணி பிடிச்சிருக்கா? அதைத் துவைச்சுடாதே. வாசனை போயிடும். போனா திரும்ப வராது. அங்க மலையில இப்பவும் குளிருதா? மேல போட்டுக்க உனக்கு ஏதாவது இருக்கா?

லெட்டர் போடு. சும்மா ரெண்டு வரியாவது போடு.

அக்கா

•

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

சளி குறைந்ததா? நான் சுகம்.

ஊசிக்குத் தடுப்பூசி போட மிருக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஊசிக்கு ஊசியா என்று அங்கே ஒருவர் சிரித்தார். அங்கிருந்த டாக்டரம்மா சின்னப் பெண்தான். கத்த வராது என்று சொன்னபோது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வராட்டி விடுங்க. சில குட்டி நாம கத்தினா இன்னும் குஷியாயிடும். ஆனா வாயைப் பிடிச்சு அமுக்காதீங்க, தட்டாதீங்க. அப்புறம் கையைக் கண்டாலே பயந்துடும். கடிச்சதும் கையை அசைக்காம நிறுத்துங்க, எழுந்திருங்க, ரூமை விட்டு வெளியே போங்க. முப்பது எண்ணிட்டு வாங்க. தினமும், ஒவ்வொரு தடவையும். இன்னிக்கு விட்டுட்டு நாளைக்குப் பிடிச்சா அதுக்குக் குழப்பம்" என்றாள்.

எனக்கு இருப்பது ஒரே அறை. வெளியே போவதென்றால் குளியலறைக்குத்தான் போக வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு குழாயைப் பார்த்தபடி முப்பது எண்ணுகிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் நகம் கீறும் சத்தம் கேட்கும். பிறகு அதுவும் நின்றுவிடும். இருபதுக்கு மேல் எண்ணுவதுதான் கஷ்டம்.

கைக்குப் பதிலாகக் கடிக்க வேறு ஏதாவது கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். பெட்டியில் வந்த துணி நல்ல வேளையாக இருந்தது. முதல் நாளே துவைத்துவிட்டேன். இப்போது நடுவில் இரண்டு முடிச்சுப் போட்டு இழுத்து விளையாடக் கொடுத்திருக்கிறேன். ஒரு முனை என்னிடம், ஒரு முனை அதனிடம். பாதிக்கு மேல் பிரிந்துவிட்டது. கிழியக் கிழிய அதற்குச் சந்தோஷம். என் கையில் புதுக் கீறல் இல்லை. நீ அனுப்பியது உபயோகமாகத்தான் இருக்கிறது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

சின்னு

•

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. ஆயிரத்து இருநூறு சட்டையும் போய்ச் சேர்ந்திருக்கும். சளி நெஞ்சில் இறங்கிவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது.

ஊசிக்குப் பால் பல் விழத் தொடங்கிவிட்டது. வாடிக்கையாளருக்குப் பல்செட் போட்டுக் கொடுக்கும் சின்ன டப்பா ஒன்றில் ஒரு பல்லை எடுத்து வைத்திருக்கிறேன். எதற்கு என்று தெரியவில்லை.

இரண்டு வரியாவது போடு.

சின்னு

•

ஜூன் 9

சின்னும்மா,

அத்தான் எழுதறேன். எனக்குக் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கோ. நாங்க நல்லா இருக்கோம். நீ நல்லா இருக்கணும்.

உங்க அக்கா உடம்புக்கு ஒண்ணுமில்ல. உன் லெட்டரைப் படிச்சுட்டு மேடத்துக்குப் பக்கத்துல போய் உக்காந்தா, ரெண்டு நாள் சரியா சாப்பிடலை. என்னடின்னா ஒண்ணுமில்லைங்கறா. உங்க வீட்டு ஒண்ணுமில்லைக்கு அர்த்தம் கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு வருஷம் பத்தலை.

எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். உங்க அம்மா ஸ்வெட்டரை ரெண்டு வருஷமா தலையணை உறைக்குள்ள வெச்சிருந்தா. நான் தொடக்கூடாது. குட்டியைப் பெட்டியில வைக்கிற அன்னிக்கு அதை எடுத்து அடியில விரிச்சா. "ஏண்டி, இதையா நாய்க்குப் போடறே? அவகிட்ட கையில குடுக்கறேன், குடு"ன்னு கேட்டேன். "வேணாம், கையில குடுத்தா வாங்க மாட்டா. பாத்தா அவளுக்கே புரியும்"னா. புரிஞ்சுதான்னு எனக்குத் தெரியலை. நான் எழுதினேன்னு சொல்லாதே, என்னைப் பிச்சுடுவா.

அத்தான்

•

ஜூன் 11

சின்னு,

ஆ.

நான் தோத்துட்டேன்.

அக்கா

•

ஜூன் 15

அக்கா,

நலம் விசாரிக்காமல் தொடங்குகிறேன். அத்தானின் கடிதமும் உன் கடிதமும் அடுத்தடுத்த நாட்களில் வந்தன. அத்தான் எழுதினார் என்று சொல்லக்கூடாது; சொல்லிவிட்டேன். அவரைப் பிய்க்காதே. இதற்கு முன்னால் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன்.

பெட்டியைத் திறந்ததுமே எனக்கு அந்த ஸ்வெட்டர் தெரிந்தது. வெள்ளைப் பொத்தானைப் பார்த்தேன். நீ அதை நாய்க்குப் போட்டுவிட்டாய் என்று நினைத்தேன். அம்மா காரியத்துக்கு வந்தபோது பீரோ காலியாக இருந்தது. "ஏதாவது வேணுமா?" என்று நீ பின்னால் நின்று கேட்டாய். நான் தேடியது அதைத்தான். காணவில்லை என்றதும் 'ஒண்ணும் வேண்டாம்' என்று சொல்லிவிட்டு அடுத்த நாளே பஸ் ஏறினேன். ரூமை விட்டு வெளியே போகச் சொல்லி எனக்கு எந்த டாக்டரம்மாவும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் முப்பது எண்ணிவிட்டுத் திரும்பி வர வேண்டும் என்பது இப்போதுதான் தெரியும்.

மே மாதக் கடிதத்தை உனக்கு வலிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். தெரியாமல் முடிச்சுப் போடவில்லை. தெரிந்துதான் போட்டேன். வெள்ளைப் பொத்தான் இருக்கும் பக்கத்தை ஊசியின் வாயில் நானே கொடுத்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் மறுபடியும் நான் ஜெயித்ததாக ஆகிவிடும்.

இன்னொன்றும் எழுதவில்லை. முதல் மாதம் முழுக்க ஊசி கடிக்கும்போது பல நாள் நான் கையை எடுக்கவே இல்லை. வலித்தது. ஆனால் வேறு யாரும் என் கையைத் தொடுவதில்லை. லேபில் கையுறை போட்டுக்கொள்கிறோம். கடையில் மீதிச் சில்லறையை மேஜைமேல் வைத்துத் தள்ளுகிறார்கள். அதனால் கடிக்கட்டும் என்று வைத்துக்கொண்டிருந்தேன். குட்டி கற்றுக்கொள்ளாததற்கு அதுவும் காரணம்.

ஸ்வெட்டரில் ஒரு கையும் கழுத்தும் மிச்சம். பொத்தானைக் கம்பளி நூல் சிக்கலுக்குள் இருந்து எடுத்துவிட்டேன். பல் தடம் இருக்கிறது. அதன் பக்கத்தில் இன்னொரு பால் பல்லும் மாட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் டப்பாவில் இருக்கின்றன.

துவைத்ததற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வலிக்கிறது, அக்கா.

சின்னு

•

ஜூலை 20

சின்னு,

சௌக்கியமா? இவ்வளவு நாள் ஆனதுக்குக் கோவிச்சுக்காதே. தினமும் பேப்பரை எடுப்பேன், மடிச்சு வெச்சுடுவேன். கத்தரி பிடிக்கற கை இது, பேனாவுக்குப் பழக்கமில்லை.

நீ எல்லாத்தையும் சொன்னே. நானும் ஒண்ணு சொல்லிடறேன். அன்னிக்கு நீ பீரோவைத் திறந்தப்போ ஸ்வெட்டர் என் தலையணைக்குள்ள இருந்துச்சு. நீ என்ன தேடறேன்னு எனக்குத் தெரியும். 'வேணுமா'ன்னு கேட்டேனே தவிர, நீ வேணும்னு சொல்லிடக்கூடாதேன்னு உள்ளுக்குள்ள வேண்டிக்கிட்டே நின்னேன். நீ வேண்டாம்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. அந்த அப்பாடாதான் ரெண்டு வருஷம் என்னைத் தூங்க விடலை. உனக்குக் குடுத்துடணும்னு தோணிச்சு. ஆனா குடுக்கறப்போ உன் முகத்தைப் பாக்கற தைரியம் இல்லை. குட்டிக்கு அடியில வெச்சு அனுப்பினேன். நீ துவைச்சேன்னு படிச்சப்போ, சரி, நமக்கு இதுதான்னு நெனச்சுக்கிட்டேன்.

வாசனை முன்னாடியே போயிடுச்சு, சின்னு. போன வருஷமே போயிடுச்சு. அதுல என் தலை எண்ணெய் வாசனைதான் இருந்துச்சு. துவைச்சதுக்காக நீ அழாதே.

செப்டம்பர்ல லீவு தர்றதா மேனேஜர் சொல்லியிருக்கார். வரட்டுமா? வேண்டாம்னா வேண்டாம்னு எழுது. வேணும்னா வேணும்னு எழுது. ஒண்ணுமில்லைன்னு மட்டும் எழுதாதே.

அக்கா

•

வேணும் என்று ஒரே சொல்லை எழுதித் தபாலில் போட்டேன்.

அக்கா செப்டம்பர் 18ஆம் தேதி அத்தானின் வண்டியில் வந்தாள். நான்கு நாள் இருந்தாள். ஸ்வெட்டரில் மிச்சமிருந்ததை அவளிடம் காட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "தையல் இன்னும் கெட்டியாத்தான் இருக்கு" என்றாள். டப்பாவிலிருந்து பொத்தானை எடுத்துக்கொண்டாள். பற்களை எனக்கு விட்டுவிட்டாள்.

என் கையைக் கடிப்பதை ஊசி ஜூன் மாதமே நிறுத்தியிருந்தது. ஆனால் புதுக் கை அதற்குப் புது விளையாட்டு. மூன்றாம் நாள் காலை அக்கா தரையில் உட்கார்ந்து அதன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தபோது அவளது ஆள்காட்டி விரலைக் கவ்வியது. இப்போது அதற்குப் பெரிய பல். அக்கா சத்தம் போடவில்லை. மூஞ்சியைக்கூடச் சுளிக்கவில்லை.

நான் கத்தினேன். கீழ் வீட்டு ஜன்னல் திறந்தது. ஊசி விரலை விட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.